வெள்ளாவி வைத்த கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் என்றதும் நம்மில் பலருக்கு மனசில் வருவது ஒரு நிறம். வெள்ளை இல்லை, மஞ்சளும் இல்லை. டீக்கடைச் சுவரில் பத்து வருஷம் தொங்கிய காலண்டர் அட்டையின் நிறம் என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். பரணில் ஏற்றிய மானிட்டர், ரைஸ்மில் பில் போடும் பிரிண்டர், கூட்டுறவுச் சங்கத்தில் மூலையில் கிடக்கும் கீபோர்டு, எல்லாவற்றுக்கும் அதே நிறம். எல்லாம் கடையிலிருந்து வந்தபோது பால் வெள்ளையாகவோ வெளிர்ச் சாம்பலாகவோ இருந்தவைதான்.

இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது, அதை எடுக்க உலகம் என்னென்ன செய்தது, எடுக்கத்தான் வேண்டுமா? இந்த மூன்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் வேதியியல் வரும், கொஞ்சம் கொசுவத்தியும் சுத்துவேன். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

அந்த நிறம் வந்த கதை

கம்ப்யூட்டருக்கு வெளிர் நிறம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. 1977ல் வந்த ஆப்பிள் 2 மங்கலான பழுப்பு வெள்ளை. 1981ல் வந்த ஐ.பி.எம். பிசியும் அந்தக் குடும்பம்தான். ஆபீஸ் மேசையில் உறுத்தாமல் உட்கார வேண்டும், கண் கூசக்கூடாது என்பது யோசனை. அலுவலகச் சாமான்கள் வெளிர் நிறத்தில் இருக்கட்டும் என்ற ஜெர்மனியின் தர நெறிகளும் ஒரு காரணம் என்பார்கள். எப்படியோ, அடுத்த இருபது வருஷம் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் என்றால் அந்த ஒரே நிறம்.

உடம்பு ஏ.பி.எஸ். என்கிற பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் முதலெழுத்து. 1954ல் அமெரிக்காவின் போர்க்-வார்னர் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சில் ஊற்ற எளிது, மேல்பூச்சு இல்லாமலே மினுமினுக்கும், கீழே விழுந்தால் சட்டென்று உடையாது. லெகோ பொம்மைக் கட்டைகள் 1963லிருந்து இதில்தான் செய்யப்படுகின்றன. டெலிபோன், மிக்ஸி, டிவி, கம்ப்யூட்டர் என்று வீட்டுக்குள் வந்த ஏ.பி.எஸ். ஏராளம்.

இந்தியாவில் பள்ளிக்கூடத்துக்குள் இந்த நிறம் நுழைந்தது 1984-85ல். மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கணினி அறிவு திட்டத்தைத் தொடங்கி, முதலில் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகளுக்கு மெஷின் கொடுத்தது. அவை இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதற்குள் நுழையாது! பின்னால் சண்டிகர் பக்கம் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான எஸ்.சி.எல்., அதே மெஷினை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது.

பிபிசி மைக்ரோவை நான் பார்த்தது ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில். கறுப்புச் சாவிகள், மேல் வரிசையில் செங்காவி நிறத்தில் பத்து சாவிகள், சுற்றிலும் வெண்ணெய் நிற உடம்பு. சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சன்னமாக ஒரு 'பீப்'. தொடக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தோம். சாமி கும்பிடப் போன மாதிரிதான். அந்தத் தலைமுறை மெஷின்களில் மிச்சமிருப்பவற்றை இன்று படத்தில் பார்த்தால் பல கடுகெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கின்றன.

மஞ்சள் என்பது அழுக்கு இல்லை

இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஒரு விஷயத்துக்கு இது முக்கியம்.

ஏ.பி.எஸ்.ஸில் நடுவில் இருக்கும் பியூட்டாடையீன் ஒரு ரப்பர். பிளாஸ்டிக் உடையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயிலிலும், கொஞ்சம் டியூப்லைட்டிலும் இருக்கும் புற ஊதாக் கதிர் படப் பட, காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்தப் பிணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக உண்டாகும் சேர்மங்கள் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை விழுங்கிவிடும். நீலத்தைக் கழித்துவிட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள்.

இன்னொரு கட்சியும் உண்டு. கம்ப்யூட்டர் சூடாகும், தீப்பிடித்தால் பரவக்கூடாது என்பதற்காக பிளாஸ்டிக்கோடு புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருள்களைக் கலந்தார்கள். அந்தப் புரோமின்தான் குற்றவாளி என்று ஆரம்பத்தில் பலர் சொன்னார்கள். பாலிமர் வேதியியல் படித்தவர்கள் முக்கியக் குற்றவாளி ரப்பர்தான், புரோமின் கூட்டாளி என்கிறார்கள். கலவைக்குக் கலவை விகிதம் மாறும். அதனால்தான் ஒரே பெட்டியின் மேல்மூடி வெள்ளையாகவும் கீழ்மூடி மஞ்சளாகவும் இருக்கிறது. 1991ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டி இதற்குப் பேர்போனது. பாதி சாம்பல், பாதி வாழைப்பழத்தோல். சில கீபோர்டுகளில் ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாகி, எழுத்துச் சாவிகள் அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாவிகள் பி.பி.டி. என்ற வேறு பிளாஸ்டிக். அது அவ்வளவாக மஞ்சளாகாது.

ஆக, இது மேலே படிந்த சமாச்சாரம் இல்லை. தோலே மாறிவிட்டது. சபீனா போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெட்ரோல், தின்னர் என்று போனால் பிளாஸ்டிக்தான் கரையும்.

வெள்ளாவி

இனி நம்ம ஊர் பக்கம் வருவோம். ஒரு பொருளைச் சுரண்டாமல், மேலே பூசாமல், வெள்ளையாக்குவது எப்படி என்று டெல்டாவில் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? சலவைத் தொழிலாளியைத்தான்.

ஒரத்தநாட்டு வழியாகப் போகும் கல்லணைக் கால்வாயை நாங்கள் புதுஆறு என்போம். மேட்டூர்த் திட்டத்தோடு 1934ல் தண்ணீர் வந்த ஆறு, அதனால் புதுசு. காவிரிக்கரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் சின்ன வயசில் அந்த ஆற்றின் துறையில் சலவைக்கல் வரிசையாகக் கிடக்கும். முதல் நாள் சாயங்காலம் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பெரிய பானையின் வாயில் துணியைச் சுருள் சுருளாக அடுக்கி, அடியில் தீ மூட்டி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிடுவார்கள். அதுதான் வெள்ளாவி. விடிந்ததும் ஆற்றில் அடித்துத் துவைத்து, கரையில் விரித்து வெயிலில் போடுவார்கள். கடைசியில் கஞ்சியும் நீலமும்.

ஒவ்வொரு படிக்கும் பின்னால் ஒரு வேதியியல் உண்டு. உவர்மண் காரம், எண்ணெய்ப்பசையை எடுக்கும். ஆவியின் சூடு அந்த வேலையை வேகப்படுத்தும். ஈரமும் வெயிலும் காற்றும் சேர்ந்தால் நிறத்தை உடைக்கும் ஆக்சிஜனேற்றம் நடக்கும். நீலம் போடுவது கண்ணுக்கான வித்தை. மஞ்சளில் குறைந்துபோன நீலத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் வெள்ளை மாதிரித் தெரியும். (பிளாஸ்டிக் தயாரிப்பவர்களும் மஞ்சள் தெரியாமல் இருக்கத் துளி நீலச்சாயம் கலப்பதுண்டு. சொட்டு நீலத்தின் தத்துவமேதான்!)

சென்னையில் வண்ணாரப்பேட்டை என்று ஒரு ஊர் ஏன் இருக்கிறது? கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுப்பதற்காகக் குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர் அது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் துணியைப் புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெயில் காட்டினார்கள். 1785ல் பெர்த்தொலே குளோரினால் வெளுக்கலாம் என்று காட்டி, 1799ல் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்தப் புல்வெளிகளுக்கு விடுதலை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மிராசுதாரின் வேட்டி பளீரென்று இருந்ததற்குப் பின்னால் இரவு முழுக்க அடுப்பெரித்த ஒரு குடும்பம் இருந்தது. கூலி பெரும்பாலும் அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் நெல். அந்த வெள்ளையை உண்டாக்கத் தெரிந்தவர்களைத்தான் ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வெள்ளைக்கு மரியாதை, வெளுத்தவருக்கு இல்லை. வெளுப்பதன் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு தேனார், டென்னன்ட் என்று மட்டும் பெயர்களை அடுக்கினால் கணக்கு சரியாக வராது.

1818ல் பாரிஸ், 2008ல் வூப்பர்டால்

லூயி ஜாக் தேனார் பிரெஞ்சு வேதியியலாளர். 1818ல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தவர். தண்ணீர் மூலக்கூறில் ஒரு ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் திரவம். அந்தக் கூடுதல் ஆக்சிஜன் நிலையாக நிற்காது, யாரையாவது பிடிக்கப் பார்க்கும். காயத்தில் ஊற்றினால் நுரைக்கிறதே, அதே சரக்குதான்.

இதற்கு முதலில் கிடைத்த வேலைகளில் ஒன்று பழைய ஓவியங்களைச் சரிசெய்வது. அந்தக்கால ஓவியர்கள் வெள்ளைக்கு ஈய வெள்ளை பயன்படுத்தினார்கள். நகரக் காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு அது கறுத்துவிடும். தேனார் பெராக்சைடைத் தடவச் சொன்னார். கறுப்பு போய் வெள்ளை வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வேதியியல் கணக்கைப் பாருங்கள்: ஓவியர் பூசியது ஈய கார்பனேட், கறுத்தபோது ஈய சல்பைடு, பெராக்சைடுக்குப் பிறகு இருப்பது ஈய சல்பேட். வெள்ளை திரும்பியது, பழைய பொருள் திரும்பவில்லை. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

190 வருஷம் தாண்டி 2008 மார்ச். ஜெர்மனியில் வூப்பர்டால் ஊரில் காமடோர் கம்ப்யூட்டர்களுக்கான ஒரு அருங்காட்சியகம். அங்கே ஏ.பி.எஸ். பாகங்களை ஹைட்ரஜன் பெராக்சைடில் சில நாள் ஊறவைத்தபோது மஞ்சள் குறைந்திருப்பதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். செய்தி பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் நடுவே பரவியது. அமிகா கம்ப்யூட்டர் ஆர்வலர்களில் ஒருவரான டேவ் ஸ்டீவன்சன் தொழில்முறை வேதியியலாளர். அவரும் நண்பர்களும் அந்த வருஷமே புற ஊதா வெளிச்சம் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கிறது, துணிக்கறைக்கான 'ஆக்ஸி' பவுடரை ஒரு சிட்டிகை சேர்த்தால் இன்னும் நல்லது என்று கண்டார்கள். பெரிய பாகங்களை முக்க லிட்டர் கணக்கில் பெராக்சைடு வேண்டுமே என்பதால் சாந்தன் கோந்தும் கிளிசரினும் கலந்து பசையாக்கிப் பூசினார்கள். 'ரெட்ரோபிரைட்' என்று பெயர் வைத்தார்கள். காப்புரிமை எதுவும் வாங்காமல் செய்முறையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கூடமோ மானியமோ இல்லை, எல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

காரம், ஈரம், வெயில், ஆக்சிஜன். நம்ம ஆற்றுத்துறையில் இருந்த அதே நான்கு பேர் வூப்பர்டால் வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஒரத்தநாட்டு வெயிலில்

ஐரோப்பாக்காரர்கள் இதற்காகப் புற ஊதா விளக்கு வாங்கிப் பெட்டி கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. கோடை உச்சி வேளையில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதற்கு மேல் படியே கிடையாது. கத்திரி வெயிலுக்கு ஒரு பயன் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம்.

நான் ஒரு பழைய மானிட்டர் முன்சட்டத்திலும், மூன்று மவுஸ்களிலும், ஒரு கேபினட்டிலும் செய்து பார்த்த வகையில் சில குறிப்புகள்:

1. முழுக்கப் பிரியுங்கள். ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், இரும்பு, ஸ்டிக்கர் எதுவும் இருக்கக்கூடாது. இரும்பு பட்டால் பெராக்சைடு சீக்கிரம் சிதைந்துவிடும். பழைய குழாய் மானிட்டரை மட்டும் தெரியாதவர்கள் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கும்.

2. சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய்ப்பசை இருக்கும் இடத்தில் மருந்து பிடிக்காது, திட்டுத் திட்டாகிவிடும்.

3. மருந்துக்கடையில் கிடைப்பது 6 சதவீதம். பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். ஒரு லிட்டர் திரவத்திலிருந்து 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று அர்த்தம். இதுவே போதும், நேரம்தான் கூடும். பியூட்டி பார்லர் சாமான் கடையில் தலைமுடிக்கான 'டெவலப்பர்' கிரீம் கிடைக்கும். 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். பசையாகவே இருப்பதால் பூச வசதி. ஆய்வுக்கூடத்து 30 சதவீதம் பக்கம் போகாதீர்கள். தோலில் பட்டால் வெந்துவிடும்.

4. கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளீச்சிங் பவுடர், ஆசிட், வினிகர் எதையும் இதோடு கலக்கக்கூடாது. ஊறவைக்கும் டப்பாவை இறுக மூடவும் கூடாது. ஆக்சிஜன் சேர்ந்து வெடிக்கும்.

5. பசை பூசினால் மேலே சமையல்கட்டு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காயவிடாமல் மணிக்கு ஒருதரம் திரும்பத் தடவித் திருப்பிப் போடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அது பிறகு போகவே போகாது. முக்கி வைப்பதுதான் சீராக வரும்.

6. மொட்டைமாடித் தரையில் நேராக வைக்காதீர்கள். நம்ம ஊர்த் தளச் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும். காலை 8 மணியிலிருந்து 11 வரை போதும். இரண்டு மூன்று நாள் அப்படிச் செய்யலாம்.

பலன்? மானிட்டர் சட்டம் முதல் நாள் சாயங்காலமே கடையில் வாங்கின நிறத்துக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "வீட்டுச் சுவிட்சு போர்டையும் இப்படிப் பண்ணிக் கொடேன்" என்று உத்தரவு வந்தது. (கரண்ட் சமாச்சாரம், மறுத்துவிட்டேன்.)

ஆனால் இது நிரந்தரம் இல்லை. வெளுத்த பாகங்கள் சில வருஷத்தில் மறுபடி மஞ்சளாவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள், இருட்டில் பத்திரமாக வைத்திருந்தும் கூட. பெராக்சைடு மேல்தோலில் உள்ள நிறக்காரர்களைத்தான் உடைக்கிறது. உள்ளே ஆக்சிஜன் பிடித்த ரப்பர் அப்படியே இருக்கிறது. தேனாரின் ஈய வெள்ளை ஞாபகம் வருகிறதா? வெள்ளை திரும்பும், பழைய பொருள் திரும்பாது.

அக்காவின் கீபோர்டு

எங்கள் கடைத்தெருவில் ஒரு அக்கா டி.டி.பி. கடை வைத்திருந்தார். 1999ல் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டா மாற்ற மனு, முதியோர் பென்ஷன் விண்ணப்பம், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று இந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் நல்லது கெட்டது அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர். அதே டைப்ரைட்டர் வரிசையில்தான் கம்ப்யூட்டரிலும் அடிப்பார். எஃப் சாவியில் 'க', ஜே சாவியில் 'த'. வேலைக்கு வரும் பெண்களுக்காக ஒவ்வொரு சாவியின் மூலையிலும் தமிழ் எழுத்து அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை விழுந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. கடையின் தகரக் கூரை போனது, அதோடு கடையும் போனது. சிபியூ செத்துவிட்டது. கீபோர்டு மட்டும் பிழைத்தது. போன வருஷம் அதை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, நீ என்னவோ வெள்ளையாக்குறியாமே, இதையும் பண்ணிக் குடு" என்றார்.

எதுக்குக்கா, இப்ப இதுல அடிக்கப் போறீங்களா என்று கேட்டேன்.

"அடிக்கல. ஆனா அழுக்கா இருக்குல்ல. கடைக்கு வர்றவுங்க அத்தனை பேரும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க, என்னம்மா துடைக்கவே மாட்டியான்னு. தெனம் காலையில கோலம் போட்டுட்டு மொத வேலையா இதத்தான் துடைப்பேன். துடைக்கத் துடைக்க மஞ்சளாச்சு. கடைசியில நானே அழுக்குன்னு ஆயிடுச்சு."

அவருக்கு நான் ரப்பர், ஆக்சிஜன், புற ஊதா எல்லாம் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அடிப்பீர்களே, அந்த வெளிச்சம்தான் இது, அழுக்கு இல்லை, துடைத்துப் போகிற சமாச்சாரமே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப என் மேல தப்பு இல்லதானே" என்று கேட்டார். பத்தொன்பது வருஷம் இந்த ஒரு பிளாஸ்டிக் ஒருத்தரை எப்படிக் கூனிக் குறுக வைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேதியியல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

பிறகு கீபோர்டைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினேன். பாதி ஸ்டிக்கர்கள் உதிர்ந்துவிட்டன. உதிர்ந்த இடத்தில் எல்லாம் ஒரு குட்டிச் சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஸ்டிக்கர் மறைத்த இடத்தில் வெளிச்சம் படவில்லை அல்லவா? 'க', 'த', 'ம' சாவிகளில் சதுரம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விளிம்போடு இருந்தது. தேயத் தேய மறுபடி ஒட்டியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கிறார். எந்த எழுத்தைத் தமிழ் அதிகம் கேட்கிறது என்று அந்தக் கீபோர்டு குறித்து வைத்திருக்கிறது. பெராக்சைடில் போட்டால் மஞ்சளோடு இதுவும் போய்விடும் என்றேன்.

அக்கா விரலால் அந்தச் சதுரங்களைத் தடவிப் பார்த்தார். "சட்டத்த வெள்ளையாக்கு. சாவி அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன்.

எதை எடுப்பது, எதை விடுவது

இது கீபோர்டோடு நிற்கிற கேள்வி இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய பாதையில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே இருப்பதை என்ன செய்வது? சுரண்டினால் நாயக்கர் போய்விடுவார். விட்டால் சோழர் தெரியமாட்டார். பல பத்தாண்டுகள் கழித்து தொல்லியல் துறை மேல் அடுக்கை அப்படியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்தது. அந்தப் பொறுமை இருந்ததால் இரண்டும் பிழைத்தன.

அதே தமிழ்நாட்டில், திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்து வெளுத்ததையும் பார்த்தோம். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போனது. கூடவே கல்லின் தோல் போனது, கல்வெட்டு எழுத்து மழுங்கியது. சுவர் பளிச்சென்று இருந்தது. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார் என்ற கணக்கு காணாமல் போனது.

அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: திரும்ப மாற்ற முடியாத எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார்கள். பெராக்சைடு திரும்ப மாற்ற முடியாத வேலை. அதனால் நானும் எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் வந்த சாதாரணப் பெட்டி, யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாதது, தாராளமாக வெளுக்கலாம். அபூர்வமான மெஷின், யூனிகார்ன் மாதிரி, இருந்தால் கழுவுவதோடு நிறுத்தி, வெயில் படாமல் வைக்க வேண்டும். ஒருவரின் கையடையாளம் உள்ளதை அவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எதுவானாலும் முதலில் நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட வேண்டும்.

2000க்குப் பிறகு கம்ப்யூட்டர் கறுப்பாகிவிட்டது. 2011லிருந்து தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளும் பெரும்பாலும் கறுப்பு. கறுப்புக்கு வயசானால் தெரியாது. நாளைக்கு யாரும் அவற்றைப் பார்த்து இது ஜன்னலோரம் இருந்தது, இங்கே ஒரு ஸ்டிக்கர் இருந்தது என்று சொல்ல முடியாது. அந்த இருபது வருஷத்து வெள்ளைப் பெட்டிகள்தான் தம்மேல் பட்ட வெளிச்சத்தைக் கணக்கு எழுதி வைத்திருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், ஆயுத பூஜைக்குச் சாமான் இறக்கும்போது ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காயலாங்கடைக்காரருக்கு எடைக்குப் போடுவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

பி.கு: பெராக்சைடு பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கெட்டாத, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மூடி உப்பியிருந்தால் முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள்.